டாஷ்போர்டில் ஒரு வெட்டு

"அம்மா, நீங்க கொஞ்சம் கீழ இறங்குங்க" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

"இறங்க மாட்டேன் சார்" என்றேன் நான்.

பரங்கிமலைப் பக்கம் ஒரு பொட்டல் மைதானம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் வாங்க வந்தவர்கள் வண்டிகளோடு வரிசையில் நின்றார்கள். எங்கள் பழைய பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் கணவர் சாலமன் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடதுபக்கம் நான். என் வலது கை கியர் ராடின் உருண்டைத் தலைமேல் இருந்தது. இன்ஸ்பெக்டர் அந்தக் கையைத்தான் பார்த்தார்.

"லைசென்ஸ் யாருக்கு? சாருக்கா, உங்களுக்கா?"

"அவருக்கு."

"அப்போ உங்க கைக்கு அங்க என்னம்மா வேலை?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வருஷத்துக் கதையைச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதருக்கு அன்று அவ்வளவு பொறுமை இல்லை. உங்களுக்கு இருக்கும் என்று நம்புகிறேன். போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து வாட்ச்மேனையும் அவர் வளர்த்த ஆட்டையும் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுத் தாம்பரத்துச் சிநேகிதி ஒருத்தி, "ஆட்டுக்கெல்லாம் ஒரு வாரம் ஒதுக்குற. உங்க வண்டி என்னடி பாவம் பண்ணிச்சு?" என்று கேட்டுவிட்டாள். ஆகவே இந்த வாரம் வண்டி.

முதல் கேள்வி

அறுபதுகளின் பிற்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டு கிறிஸ்துமஸ் முடிந்திருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். அவர் பல்லாவரத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மன். இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை வரும். ஆபீஸ் போகிறவர்களும் வாத்தியார்களும்தான் சபையில் முக்கால்வாசிப் பேர். அறுக்க ஒரு முழம் வயல்கூடக் கிடையாது. ஆனாலும் பண்டிகைக்குக் குறைவிருக்காது. பூசணிக்காய், வாழைத்தார், சேவல், கேக், முறுக்கு என்று அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்திலேயே அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். கடையில் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத புடலங்காய்க்கு அங்கே டாக்டர் வீட்டுக்கும் தலைமையாசிரியர் வீட்டுக்கும் மல்லுக்கட்டு நடக்கும்.

அந்த ஏலத்தில் எழுதிவைக்காத மரியாதை ஒன்று உண்டு. ஒருவர் கொடுத்த பொருளை யாருமே கேட்கவில்லை என்றால் கொடுத்தவர் முகம் செத்துப்போகும். அதனால் யாராவது ஒருவர் கையைத் தூக்கி முதல் கேள்வியைக் கேட்டுவைப்பார். வாங்க அல்ல, தொடங்கிவைக்க. அடுத்தவர் மேலே கேட்டதும் இவர் கையை இறக்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

அந்த வருஷம் ஆர்தர் ஐயா என்ற பெரியவர் மகனோடு இருக்கக் கோயம்புத்தூர் போவதாக இருந்தார். சேலையூர்த் தோட்டத்தில் பல வருஷம் நின்றிருந்த தன் பிக்கப் வண்டியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். முன்னால் இரண்டு பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. வாலிபர் சங்கத்துப் பையன்கள் அதைக் கோயில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

யாரும் வாய் திறக்கவில்லை. ஆர்தர் ஐயா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போதுதான் என் கணவர் கையைத் தூக்கினார்.

முதல் கேள்விதான். ஆனால் இரண்டாவது கேள்வி வரவே இல்லை.

ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். இவருக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. இடது கையால் முட்டியை அழுத்திக்கொண்டுதான் நடப்பார். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் ஒரே எண்ணம்: 'பாவம், கால் முடியாத பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது. அதனோடு போய் நாம் போட்டி போடலாமா?' அவர் மரியாதைக்குக் கேட்டார். அவர்கள் இரக்கத்துக்குச் சும்மா இருந்தார்கள். இரண்டு நல்ல குணமும் சேர்ந்து ஒரு லொடக்கு வண்டியை எங்கள் தலையில் கட்டின.

"வேணாம்" என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும் என்பதை அந்தக் கூட்டத்தின் நடுவே தன் வாயால் சொல்ல வேண்டும். சபைச் செயலாளர் ஒரு தரம், இரண்டு தரம் என்று அன்பாக இழுத்துவிட்டு, "மூணு தரம்! நம்ம சாலமன் தம்பிக்கே!" என்றதும் எல்லாரும் கை தட்டினார்கள். பூசணிக்காய்க்கு யாரும் அப்படித் தட்டவில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாயிற்று. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தனை பேரும் எனக்கு விட்டுக்கொடுத்துட்டாங்க, கிரேஸ்."

"சரி விடுங்க. இரும்புக்கடையில போட்டுடலாம்."

"முடியாது. அடுத்த அறுப்புப் பண்டிகைக்கு இதே வண்டிய நானே ஓட்டிட்டுக் கோயில் வாசலுக்குப் போகணும். போகலேன்னா, ஆயுசு பூரா நான் அவங்களுக்குப் பாவப்பட்ட பிள்ளைதான்."

அவர் குணம் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தானாகவே எழுந்து நடந்து காட்டினார். "நல்லாப் பாத்துக்குங்க. அப்புறம் யாரும் சொல்லலியேன்னு சொல்லக் கூடாது" என்று என்னைப் பார்த்தே சொன்னார். பஜ்ஜித் தட்டோடு நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் நிச்சயமானது. மின்சார ரயிலில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் இறங்கும்வரை நின்றுகொண்டே வருவார். என் தோளைக்கூடப் பிடித்துக்கொள்ள மாட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

எலி குடியிருந்த கேபின்

வண்டி எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. கூடவே டிங்கர் ஆறுமுகமும் வந்தார். தகரம் தட்டுவது, வெல்டிங் வைப்பது, இஞ்சின் பார்ப்பது எல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொள்வார். சொல்வதில் பாதிதான் நடக்கும். ஆனால் சொல்கிற அழகுக்கே கூலி கொடுக்கலாம்.

கேபின் கதவைத் திறந்ததும் பின்வாங்கினார். "இன்னா சார் இது! வண்டியா கீது, எலி வூடா கீது?"

சீட்டுக்குள் எலிகள் பரம்பரையாக வாழ்ந்திருந்தன. ஸ்பிரிங்குகள் எலும்புபோல் துருத்திக்கொண்டிருந்தன. கால் வைக்கிற தரைத்தகடு துருப்பிடித்து உதிர்ந்து, உட்கார்ந்தபடியே கீழே ஓடும் எறும்பு வரிசையைப் பார்க்க முடிந்தது. டாஷ்போர்டு என்பது ஒரு வளைந்த இரும்புத் தகடு. அதன் பச்சை பெயிண்ட் தேமல்போல் உரிந்திருந்தது. வேகம் காட்டும் மீட்டருக்குக் கண்ணாடி இல்லை. பெட்ரோல் முள்ளைக் காணோம். சோக், ஹெட்லைட் இழுக்கிற குமிழ்கள் எல்லாம் யாரோ பிடுங்கிய பல்லாகப் போயிருந்தன.

வேடிக்கை என்னவென்றால் இஞ்சினில் பெரிய கோளாறே இல்லை. ஆறுமுகம் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி, வேறு பேட்டரி வைத்து, கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் ஒரு கொட்டாவி விட்டு ஓடத் தொடங்கிவிட்டது. ஓடுகிற வண்டியில் உட்காரத்தான் இடமில்லை.

பல மாதங்கள் எங்கள் சாயங்காலங்களெல்லாம் அந்தக் கேபினுக்குள்தான் கழிந்தன. அவர் ஆபீசிலிருந்து வந்ததும் காபியைக் குடித்துவிட்டு டாஷ்போர்டுத் தகட்டை மடியில் வைத்துக்கொள்வார். கம்பி பிரஷ், அதன்பிறகு உப்புத்தாள். துருத்தூள் காற்றில் பறந்து என் புடவையெல்லாம் செம்மண் நிறமாகிவிடும். துரு போனபின் சிவப்பு பிரைமர். அதன்மேல் கரும்பச்சை எனாமல்.

முதல் தடவை பூசி மரத்தடியில் காயவைத்தது ஒரு பங்குனி மாலை. வேப்பமரம் பூத்துக் கொட்டுகிற காலம் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் டாஷ்போர்டு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூ ஒட்டிக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணுக்குக்கூட அத்தனை பூ வைக்க மாட்டார்கள். மறுபடி உப்புத்தாள், மறுபடி பெயிண்ட்.

தரைத்தகட்டை ஆறுமுகம் வெட்டிப்போட்டுப் புதிது வைத்தார். சீட்டு என் பொறுப்பு. தேங்காய் நாரைப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, அடித்து அடைத்தேன். குரோம்பேட்டைத் தோல் ஷாப்பில் வேலை பார்த்த என் தோழியின் அண்ணன் கழிவுத் தோல்கள் கொண்டுவந்து தந்தார். எல்லாம் பழுப்புதான், ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டாத பழுப்பு. என் தையல் மெஷினில் கொடுத்ததும் ஊசி முறிந்தது. கோணி ஊசியால் கையாலேயே தைத்தேன். மத்தியானத்தில் அந்தக் கேபினைத் திறந்தால் தோலும் நாரும் பெயிண்டும் கலந்து ஒரு சூடான வாசனை வரும். எனக்கு அது பிடித்திருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மட்டும் தலைவலி வந்துவிடும்.

முள்ளுக்கேற்ற எண்

மீட்டருக்குக் கண்ணாடி, படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில் வட்டமாக வெட்டி வாங்கியது. கேபிளும் குமிழ்களும் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் கிடைத்தன. நாலு குமிழும் நாலு ஜாதி. ஒன்று ரேடியோவினுடையது என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

மீட்டரின் முள் மட்டும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே பத்து மைல் வேகம் காட்டியது.

"அது இன்னா சார், நல்லதுதானே? நிக்கும்போதே ஓடுதுன்னு நெனச்சிக்கினு போ" என்றார் ஆறுமுகம்.

இவர் அதைத் தொடவில்லை. வெள்ளை அட்டையில் புதிதாக ஒரு வட்டம் வரைந்தார். முள் எங்கே ஓய்ந்து நின்றதோ அங்கே பூஜ்யத்தை எழுதினார். அங்கிருந்து கணக்குப் போட்டுப் பத்து, இருபது, முப்பது என்று வரைபடப் பேனாவால் எழுதினார். ஒவ்வொரு எண்ணும் அச்சடித்ததுபோல் இருந்தது.

"முள்ள சரி பண்ணியிருக்கலாமே?"

"அது பாட்டுக்கு வசதியா நிக்குது. அத ஏன் தொந்தரவு பண்ணணும்? எண்ண நகத்தினாப் போச்சு" என்றார்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பச்சைப் பளபளப்பில் எங்கள் இரண்டு முகமும் தெரிந்தன. நகை வாங்கியபோதுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

இடையில் ஒரு கை

இனி கிளட்ச். இவர் ஒரு யோசனை வைத்திருந்தார். கிளட்ச் பெடலோடு ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்து, டாஷ்போர்டின் கீழ் விளிம்பு உயரத்துக்குக் கொண்டுவருவது. காலால் மிதிப்பதற்குப் பதில் இடது கையால் அந்தக் குழாயை முன்னால் தள்ளினால் பெடல் கீழே போகும். வரைபடம் போட்டார். பக்கவாட்டிலிருந்து ஒரு தோற்றம், மேலிருந்து ஒரு தோற்றம், அளவுகள், அம்புக்குறிகள். கோயில் கட்டுவதற்குக்கூட அத்தனை சுத்தமாக வரைய மாட்டார்கள்.

ஆறுமுகம் அப்படியே செய்துகொடுத்தார். இவர் ஏறி உட்கார்ந்தார். நான் சீட்டின் தையல் தாங்குகிறதா என்று பார்க்கப் பக்கத்தில் ஏறினேன். வண்டி உறுமியது. இடது கையால் குழாயைத் தள்ளினார். பிடித்தபடியே இருந்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"கிரேஸ், கியர் போடுறது எந்தக் கையால?"

கியரும் இடது கைதான். ஸ்டியரிங்கில் இருக்கிற வலது கையை விடவும் முடியாது. அவ்வளவு பெரிய வரைபடத்தில் ஒரு கைக்கு இரண்டு வேலை வருகிறது என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அவர் முகம் கறுத்துப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் சட்டென்று கியர் ராடைப் பிடித்து முன்னால் தள்ளினேன். முதல் கியர் விழுந்தது. அவர் குழாயை மெல்ல விட்டார். வண்டி முற்றத்தில் நகர்ந்து துளசிச் செடியிடம் போய் நின்றது.

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அப்படித்தான் நாங்கள் வண்டி ஓட்டக் கற்றோம். எல் போர்டு மாட்டி, சட்டத்துக்காக லைசென்ஸ் உள்ள ஆறுமுகத்தைப் பின் தொட்டியில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைகளில் மேடவாக்கம் ரோட்டில் போவோம். அப்போது அங்கே ஏரியும் வயலும்தான். வாத்துக் கூட்டம் குறுக்கே வந்தால்தான் போக்குவரத்து நெரிசல். முதல் நாள் கிளம்புமுன் ஆறுமுகம் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்.

"நாங்க ஜெபம் பண்ணியாச்சு ஆறுமுகம்" என்றார் இவர்.

"அது இஞ்சினுக்கு சார். டயரு கீழ கீது, அத்த யார் பாக்குறது?"

இவர் கிளட்சைத் தள்ளி, "போடு" என்பார். நான் போடுவேன். கொஞ்ச நாளில் அந்தச் சொல்லே தேவைப்படவில்லை. இஞ்சின் சத்தம் மாறுவதைக் கேட்டே என் கை நகர்ந்தது. பொறுமை இல்லாதவள் என்று பேர் வாங்கிய நான், இன்னொருவர் கைக்கு என் கை காத்திருக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ரயில்வே கேட்டில் நிற்கும்போது சபைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "சாலமன் தம்பி, வீட்டம்மா புண்ணியத்துல வண்டி ஓடுது போல" என்றார். நல்ல மனிதர்தான், அன்பாகத்தான் சொன்னார். இவர் கேட் திறக்கும்வரை மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியும் நானும்

ஆகவேதான் அந்த மைதானத்தில், கீழே இறங்கு என்று இன்ஸ்பெக்டர் சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சார், கண்ணாடி போட்டவர் டெஸ்டுக்கு வந்தா, கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு ஓட்டுன்னு சொல்லுவீங்களா? நானும் அந்த மாதிரின்னு வச்சுக்குங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். பிறகு சொன்னார்:

"கண்ணாடி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போகாதேம்மா. நீங்க போயிட்டா, நடுரோட்டுல சார் என்ன பண்ணுவார்?"

வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வாயடைக்கிறவள் கியர் ராடிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். இவர், "அவர் சொல்றது சரி" என்று மெதுவாகச் சொன்னார்.

லைசென்ஸ் கிடைக்கவில்லை. பண்டிகைக்கும் அதிக நாளில்லை. திரும்பி வரும் வழியில் வண்டி நின்ற இடத்திலெல்லாம் இவர் டாஷ்போர்டையே பார்த்தார். தோற்றுப்போனார் என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சுண்ணாம்புக் கட்டி கேட்டார். டாஷ்போர்டின் கீழ் விளிம்பில், இரும்புக் குழாய் வந்து தொடும் இடத்தில், ஒரு கோடு போட்டார். உள்நோக்கிப் போய் இடதுபக்கம் மடங்கும் கோடு.

"இந்த இடத்தத் தகட்டுல வெட்டணும். குழாயத் தள்ளி இந்த வெட்டுக்குள்ள மாட்டிட்டா அது அப்படியே நிக்கும். என் கைக்கு விடுதலை. கியரப் போட்டுட்டுக் குழாய எடுத்து மெல்ல விடலாம்."

"வெட்டுறதா? இதையா?"

எத்தனை மாதம் தேய்த்த தகடு அது! வேறு இடத்தில் ஒரு கொக்கி வைக்கக் கூடாதா என்று கெஞ்சினேன். ஆறுமுகமே, "வாணாம் சார், மூஞ்சி மாதிரி கீது, அதுல போய் ரம்பம் வெக்கிறியே" என்றார். இவர் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் குழாய் தானாக வந்து உட்காரும் என்றார். ரம்பத்தை ஆறுமுகத்திடம் கொடுக்காமல் தானே எடுத்தார். பச்சை பெயிண்ட் பொடியாக உதிர்ந்தது. நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அந்தச் சத்தம் முடியும்வரை வெளியே வரவில்லை.

வந்து பார்த்தபோது அழகான டாஷ்போர்டில் மொக்கையாக ஒரு வெட்டு. இவர் குழாயைத் தள்ளினார். டக் என்று உட்கார்ந்தது. கையை எடுத்தார். நின்றது. கியரைப் போட்டார். குழாயை விடுவித்தார். வண்டி நகர்ந்தது. நான் வண்டிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் வலிக்கவும் செய்தது. கியர் ராடில் என் கைக்கு இனி வேலை இல்லை.

அடுத்த முறை இன்ஸ்பெக்டர் தானே கேபினுக்குள் ஏறி அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். குழாயை ஆட்டிப் பார்த்தார். இவரை மைதானம் முழுக்கச் சுற்றவைத்தார். மேட்டில் நிறுத்திக் கிளப்பச் சொன்னார். இந்த வண்டிக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டு லைசென்ஸ் கொடுத்தார். போகும்போது என்னைப் பார்த்து, "இப்ப அம்மா வீட்டுக்குப் போகலாம்மா" என்றார்.

மூன்றாவது கியர்

பண்டிகை காலையில் வேட்டியை மடித்துக் கட்டியபடி இவர் சொன்னார்: "கிரேஸ், இன்னிக்கு நீ முன்னால நடந்து போயிடு."

தெரிந்ததுதான். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாழைப்பழச் சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக நடந்தேன். மேலே விமானப்படை விமானம் ஒன்று தாழ்வாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் இரைச்சலில் எங்கள் வண்டிச் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று அதன்மேல் எரிச்சல் வந்தது.

கோயில் வாசலில் எல்லாரோடும் நின்றேன். தெருக் கோடியில் வண்டி திரும்புவது கேட்டது. டக். இஞ்சின் ஒரு மூச்சு தணிந்தது. மறுபடி எழுந்தது. ஒரு உராய்வு இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. மூன்றாவது கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்ததை நான் என் காதால் கேட்டேன்.

வண்டி வந்து நின்றது. இவர் கதவைத் திறந்து, முட்டியை அழுத்திக்கொண்டு இறங்கினார். நான் பயந்துகொண்டிருந்த கைதட்டல் வரவில்லை. ஆண்கள் எல்லாரும் கேபினைச் சூழ்ந்துகொண்டார்கள். குனிந்து பார்த்தார்கள். குழாயை இழுத்துப் பார்த்தார்கள். "லிட்டருக்கு என்ன குடுக்குது?" என்று ஒருவர் கேட்டார். செயலாளர் தோளில் கை போட்டு, "தம்பி, மக வீட்டுக்கு ஒரு பீரோ போகணும். கீழ்க்கட்டளைதான். அடுத்த சனிக்கிழமை வருவீங்களா?" என்று கேட்டார்.

இவரிடம் யாரும் உதவி கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. "காலையிலயே வந்துடுறேங்க" என்றார் இவர். அந்தக் குரலில் இருந்த கம்பீரத்தைக் கேட்டு என் ஊடல் அங்கேயே தீர்ந்துபோனது.

ஆராதனை முடிந்து, ஏலம் முடிந்து, எல்லாரும் வளாகத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். நான் வந்த வழியே நடப்பதா, ஏறுவதா என்று தெரியாமல் நின்றேன். அப்போது அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, சபை முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

"கிரேஸ், இங்க வா. மூணாவது கியர் என்னால முடியல. நீ வந்து போடு."

ரயிலில் கிடைத்த இடத்தில் உட்காராத மனிதர். கூட்டத்துக்கு நடுவே ஒரு சொல் சொல்ல முடியாமல் இந்த வண்டியையே வாங்கி வந்த மனிதர். அவர் வாயிலிருந்து 'முடியல' என்ற வார்த்தையை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது பொய் என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன். வண்டி வாசலைத் தாண்டியது. தெருவில் திரும்பியதும் அவர் கிளட்ச் குழாயை முன்னால் தள்ளினார். வெட்டில் மாட்டவில்லை. கையாலேயே பிடித்துக்கொண்டார்.

"போடு" என்றார்.

போட்டேன்.